யாரிடமும் கேட்க வேண்டியதில்லை

மேடையில் அமர்ந்திருக்கும் துணைவேந்தர் அவர்களே, பதிவாளர் அவர்களே, துறைத் தலைவர்களே, எதிரே இருக்கும் ஆசிரியப் பெருமக்களே, ஆய்வு மாணவர்களே, விடுப்புப் போட்டுவிட்டு ரயிலேறி வந்திருக்கும் நம் இதழின் வாசகர்களே, முதல் வரிசையில் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும், நம் பேராசிரியரின் கணவரான அண்ணன் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு ஏழு நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஏழு நிமிடத்தில் முடிக்க மாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். நேரம் முடிந்தால் அடிக்கும் மணி மேடைக்கு இடது பக்கம் இருக்கிறது. எனக்கு மந்தமான காதும் இடது காதுதான்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது என் மனைவி ஒன்று சொல்லி அனுப்பினாள். செத்தவர்களுக்காகக் கூடுகிற இடத்தில் சண்டை போடாதே என்றாள். போடக் கூடாது என்றுதான் வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். நான்கு பேரும் நம் பேராசிரியரை அறிவுக் கடல் என்றார்கள். கடல் என்று சொன்ன நால்வரில் ஒருவராவது அந்தக் கடலில் ஒருநாள் கால் நனைத்தது உண்டா? பத்தொன்பது வருடம் அவர் நடத்திய இதழுக்கு ஒரு கட்டுரையாவது மதிப்பிட்டுக் கொடுத்தது உண்டா? கேட்டால் நேரமில்லை என்றீர்கள். இன்றைக்கு இரங்கலுக்கு மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது?

மன்னியுங்கள். ஒழுங்காகத் தொடங்குகிறேன்.

நிலத்தடி நீர் வேதியியல் துறையின் மூத்த பேராசிரியர், நீரும் நிலமும் பற்றிய நம் ஆய்விதழின் நிறுவனர், அதன் ஆசிரியர், அதன் மெய்ப்புத் திருத்துநர், சில மாதங்களில் இதழின் அறையைப் பெருக்கியவரும் அவரேதான். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் கால்புள்ளி அம்மா. ஒரு கால்புள்ளி இடம் மாறியிருந்தால் ஊரையே எழுப்பிவிடுவார். அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது என்று இரண்டு தலைமுறை மாணவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தெரியும் ஐயா, நன்றாகவே தெரியும். ஒருமுறை என்னிடமே சொன்னார், முற்றுப்புள்ளின்னு வெக்காத வரைக்கும் சரி என்று.

நான் புள்ளியியல் துறை. பதினான்கு வருடமாக அந்த இதழின் அட்டவணைகளைச் சரிபார்க்கிறவன். அவ்வளவுதான் என் தகுதி. ஆனால் ஏன் ஒரு பேராசிரியர் ஒரு கால்புள்ளிக்காக, ஓர் எண்ணுக்காக அப்படி உயிரை விட்டார் என்பது எனக்குத் தெரியும். அது இந்த அரங்கில் பலருக்குத் தெரியாது. மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சட்டையில் இருக்கும் ஓய்வுபெற்ற குடிநீர் வாரியப் பொறியாளருக்குத் தெரியும். அவரிடம் காலையில் அனுமதி கேட்டேன். சொல்லுங்க, சொல்ல வேண்டியதுதான் என்றார்.

இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் நடந்தது இது. பேராசிரியர் அப்போது இளம் விரிவுரையாளர். ஆற்றோரக் கிணறுகளில் ஆர்செனிக் என்னும் நஞ்சு கலந்திருப்பதைப் பற்றி நான்கு வருடம் ஊர் ஊராக நீர் எடுத்து, சோதித்து ஒரு கட்டுரை எழுதினார். பெரிய வெளிநாட்டு இதழில் வந்தது. பல்கலைக்கழகம் பாராட்டு விழா நடத்தியது. அந்த விழாவில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கட்டுரையை வாசிக்கப்போவது யார்?

உறவினர்களும் வெளியாட்களும் இருக்கிறீர்கள், அதனால் விளக்கிவிடுகிறேன். ஆய்வை எழுதுகிறவருக்கு அந்த இதழ் ஒரு காசு தராது. சரிபார்க்கிற ஆய்வாளருக்கும் தராது. ஆய்வுச் செலவு மக்கள் வரிப்பணம். எல்லாம் முடிந்து கட்டுரை கைக்கு வந்ததும் பதிப்பு நிறுவனம் அதற்கு ஒரு பூட்டுப் போடும். எழுதிய பல்கலைக்கழகத்துக்கே திறவுகோலை ஆண்டுச் சந்தாவாக விற்கும். நம் வீட்டு மாட்டை நம் கையால் கறந்து கொடுத்துவிட்டு, அந்தப் பாலை நாமே போய் வரிசையில் நின்று வாங்குகிற கதை. இதைச் சிரிக்காமல் செய்துகொண்டிருக்கிறோம், படித்தவர்கள்!

அப்போது தொலைபேசியில் ஒருவர் அழைத்தார். மூன்றாவது வரிசைப் பொறியாளர்தான். ஒரு சிற்றூர்ப் பள்ளிக்குப் புதிய ஆழ்துளைக் கிணறு போட வேண்டும். அவர் பேசியதைப் பேராசிரியர் என்னிடம் பலமுறை அப்படியே சொல்லிக் காட்டியிருக்கிறார். “உங்க கட்டுரையோட தலைப்பு கிடைச்சுது மேடம். சுருக்கம்னு ஆறு வரி கிடைச்சுது. எத்தனை மீட்டருக்குக் கீழ போனா நல்ல தண்ணிங்கறது மட்டும் உள்ள பூட்டிக் கிடக்கு.”

அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் நூலகத்துக்குப் போனார். சந்தா அந்த வருடம்தான் நிறுத்தப்பட்டிருந்தது. திரையில் அவர் கட்டுரை, அவர் பெயர், அதன் கீழே அதை வாசிக்க ஒரு தொகை கேட்டு ஒரு பெட்டி. நூலகர் தலையைச் சொறிந்தார். பேராசிரியருக்கோ அவசரம், அங்கே துளைபோடும் வண்டி காத்திருக்கிறது. தன் மேசையிலிருந்த தட்டச்சு வரைவை எடுத்து உறையில் போட்டு அனுப்பிவிட்டார். வரைவில் நாற்பது மீட்டர் என்று இருந்தது. பொறியாளர் நாற்பத்தைந்து மீட்டரில் கிணறு போட்டார்.

அச்சில் வந்த எண் அறுபது.

எப்படி மாறியது? கட்டுரை அச்சுக்குப் போகும் முன், இரண்டு மாதிரிகளை மறுபடி சோதித்ததில் சந்தேகம் வந்து, மெய்ப்பில் தன் கையாலேயே நாற்பதை அடித்து அறுபது என்று திருத்தியிருந்தார். எட்டு மாதத்துக்கு முன் செய்த திருத்தம். அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை. சரியான பிரதி பூட்டுக்கு உள்ளே இருந்தது. தவறான பிரதி கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. எது ஊருக்குப் போகும்?

பதினொரு மாதம் கழித்துப் பொறியாளர் வேறொரு ஊருக்காக அழைத்தார். பேச்சுவாக்கில், நீங்கள் சொன்ன நாற்பதை வைத்துப் போட்ட பள்ளிக் கிணறு வற்றாமல் ஓடுகிறது என்றார். பேராசிரியர் அப்படியே தொலைபேசியை வைத்துவிட்டாராம். இணைப்பு அறுந்துவிட்டது என்று பொறியாளர் நினைத்தாராம். பேராசிரியர் அன்று மதியமே பேருந்து பிடித்துப் போனார். தண்ணீரைத் தானே எடுத்தார், தானே சோதித்தார். அளவுக்கு மேல் இருந்தது. நூற்றுப் பதினெட்டுக் குழந்தைகள் குடித்த தண்ணீர்.

அவர் என்ன செய்திருக்கலாம்? வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். வரைவு என்று முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது, பொறியாளர் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். சட்டப்படி அது சரியும்கூட. அவரோ நேராகத் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய் உட்காராமலே சொன்னார்: “நாப்பதுன்னு எழுதிக் குடுத்தது நான்தான். தப்பு என்னுது. கிணத்த இன்னிக்கே மூடிடுங்க.”

தலைமை ஆசிரியை அழவில்லை, திட்டவில்லை. வரைவு மாறிப்போன விவரம் தெரிந்ததும் ஒன்றுதான் கேட்டாராம். “அச்சுல சரியா இருந்துதா?”

“இருந்துது.”

“சரியானது ஒண்ணு இருந்தப்ப, அத ஏன் எங்களுக்குக் குடுக்கல?”

பெரியோர்களே, இங்கே மேடையில் இத்தனை முனைவர்கள் இருக்கிறோம். நம்மிடம் இருக்கிறதா பதில்? அந்தக் குழந்தைகளை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் நகத்தையும் முடியையும் எடுத்துச் சோதித்தார்கள். நல்ல வேளை, கிணற்றைச் சரியான நேரத்தில் மூடிவிட்டீர்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். மூன்று வருடம் தொடர்ந்து பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நல்ல வேளையை ஆறுதலாக எடுத்துக்கொள்ள அவர் கடைசிவரை மறுத்துவிட்டார். நல்ல வேளையை நம்பி ஆராய்ச்சி பண்ண முடியாது சார் என்பார்.

இரண்டு வருடத்தில் இதழ் வந்தது.

அந்த அறையைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டாம் மாடிக் கோடியில், அமிலக் கிடங்குக்கும் படிக்கட்டுக்கும் நடுவில். மூலையில் ஒரு தொட்டி, அதன் குழாய் ஒருநாளும் முழுதாக மூடியதில்லை. கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் பூட்டுகிற ஓர் அலமாரி. வேறொரு துறை கழித்துப்போட்ட கணினி. இதுதான் தலைமை அலுவலகம். இங்கிருந்துதான் ஆண்டுக்கு நான்கு, மொத்தம் எழுபத்தாறு இதழ்கள், எழுநூற்று நாற்பத்திரண்டு கட்டுரைகள் வெளியே போயின. வாசிக்கிறவரிடமும் காசு கிடையாது, எழுதுகிறவரிடமும் காசு கிடையாது. ஒவ்வொரு கட்டுரையின் முதல் பக்கமும் சாதாரண நடையில் இருக்க வேண்டும். கிணறு தோண்டுகிறவருக்குப் புரிய வேண்டும் என்பது சட்டம்.

புரிகிறதா என்று யார் சோதிப்பது? இதோ, முதல் வரிசையில் இருக்கும் அண்ணன்தான். அண்ணன் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர், வேதியியலுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஒவ்வொரு முதல் பக்கத்தையும் காலைக் காபியோடு அவர் கையில் கொடுத்துவிட்டு நம் கால்புள்ளி அம்மா எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்ப்பாராம். புருவம் சுருங்கினால் அந்த வாக்கியம் எழுதியவருக்கே திரும்பிப் போகும். உலகத்தின் எத்தனையோ பெரிய ஆய்வாளர்கள் இந்த மனிதரின் புருவத்துக்குப் பயந்து திருத்தி எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு அது தெரியாது. அண்ணன் சிரிக்கிறார், சிரிக்கட்டும். பன்னிரண்டு நாளில் இப்போதுதான் சிரிக்கிறார்.

முதல் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருக்கும். “இதை யாரும் வாசிக்கலாம், படியெடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம்; யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.” சட்டம் தெரிந்தவர்கள் அந்த வரி நீளம் போதாது என்றார்கள். அவர் நான்கு பக்க உரிமக் குறிப்பைத் தனியாக இணைத்தார், அந்த வரியை மட்டும் எடுக்கவில்லை.

இப்போது கோபம் வருகிற இடம். அடக்கிக்கொண்டு சொல்கிறேன்.

இலவசமாகக் கொடுத்தால் மதிப்பிருக்காது என்று சொன்னவர்கள் யார்? நாம். அந்த இதழில் எழுதினால் பதவி உயர்வுக்கு மதிப்பெண் பூஜ்யம் என்று விதி எழுதியவர்கள் யார்? நாம். பூட்டிய இதழில் எழுதினால் இருபது, திறந்த இதழில் எழுதினால் பூஜ்யம். ஆய்வு ஒன்றேதான், எழுதியவரும் ஒருவரே. பூட்டுக்கா இருபது மதிப்பெண்?

பிறரைக் குற்றம் சொல்லிவிட்டு நான் தப்பிக்க மாட்டேன். பதினொரு வருடத்துக்கு முன்னால் எனக்குப் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது. என் வாழ்நாளில் உருப்படியாக எழுதிய ஒரே கட்டுரை, குறைந்த மாதிரிகளை வைத்துக் கிணற்று நீரைக் கணிக்கும் முறை. அதைப் பூட்டிய இதழுக்கு அனுப்பினேன். அங்கே இங்கே அனுப்பித் திரும்பி வந்த இன்னொரு கட்டுரையை, சும்மா கிடக்கிறதே என்று அம்மாவின் இதழுக்குக் கொடுத்தேன். தினமும் அந்த அறையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிற நான்! அவருக்குத் தெரியாதா? தெரிந்தது. என் சோப்ளாங்கிக் கட்டுரையில் நாற்பத்தொரு திருத்தம் போட்டு, அதை ஓரளவு மனிதர் வாசிக்கும்படி ஆக்கி வெளியிட்டார். எனக்குப் பதவி உயர்வு வந்த அன்று வாழ்த்துச் சொல்லிவிட்டு, “அந்தக் கணிப்பு முறை எங்கயாவது கிடைக்குமா சார், பொறியாளர் கேக்கறாரு” என்றார். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு பதிப்பு நிறுவனத்தின் பிரதிநிதி வந்தார். நல்ல மனிதர், நல்ல சட்டை. காலம் மாறிவிட்டது, நாங்களும் இப்போது திறந்த அணுக்கம்தான், உலகம் முழுவதும் இலவசமாக வாசிக்கலாம், உங்கள் இதழை எங்களிடம் கொடுங்கள் என்றார். நிர்வாகத்துக்கு ஒரே மகிழ்ச்சி. அம்மா ஒப்பந்தத்தை முழுவதும் வாசித்தார். யார்தான் ஒப்பந்தத்தை முழுவதும் வாசிக்கிறார்கள்? அவர் வாசித்தார். பதின்மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கட்டுரை வெளிவர எழுதுகிறவர் கட்டணம் செலுத்த வேண்டும். ஓர் இளம் விரிவுரையாளரின் எட்டு மாதச் சம்பளம்.

அவர் பிரதிநிதியிடம் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். “முன்னாடி வாசிக்கறவனுக்குப் பூட்டியிருந்தீங்க. இப்போ அதத் திறந்து எழுதறவனுக்குப் பூட்டறீங்க. வாசல மாத்தினா போதுமாங்க? பூட்ட எடுக்க வேணாமா?” பிரதிநிதி, எங்களுக்கும் செலவு இருக்கிறதே மேடம் என்றார். செலவு இல்லையென்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. சர்வருக்குச் செலவு, மெய்ப்புக்குச் செலவு, மனித உழைப்புக்குச் செலவு. அதைப் பல்கலைக்கழகங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஏற்க வேண்டும், பூட்டுக்குக் கட்டும் சந்தாவில் நூற்றில் ஒரு பங்கு போதும் என்று கணக்கே போட்டுக் கொடுத்தார். எடுத்துப் பார்த்தவர் யார்?

நாம் அதற்குப் பதிலாக ஒரு கருத்தரங்கு நடத்தினோம். திறந்த அணுக்கத்தின் எதிர்காலம் என்று தலைப்பு. இதே அரங்கம்தான். மூன்று நாள். அந்தக் கருத்தரங்கின் கட்டுரைத் தொகுப்பு வெளிவந்தது. பணம் கட்டினால்தான் வாசிக்க முடியும். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வேண்டுமானால் இப்போதே கைப்பேசியில் தேடிப் பாருங்கள். அதற்கு மேல் ஒரு குழு அமைத்தோம். இதழை என்ன செய்யலாம் என்று ஆராய. குழு ஆறு முறை கூடியது. இதழுக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே சர்வரில் தனிக் கணக்கும் தனி இடமும் கொடுங்கள், என் பெயரில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அம்மா அந்தக் குழுவுக்கு ஏழு கடிதம் எழுதினார். ஏழுக்கும் வந்த பதில் ஒன்றுதான். பரிசீலனையில் உள்ளது.

பரிசீலனையிலேயே இருக்கும்போது அவர் போய்விட்டார்.

திங்கட்கிழமை மதியம் அந்த அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். புதன்கிழமை காலை மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. செவ்வாய்க்கிழமை நான் பார்த்தேன். கையில் ஊசி, மூக்கில் குழாய். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, “மூணாவது அட்டவணை இன்னும் தப்பா இருக்கு சார். நீங்க பாக்கறேன்னு சொன்னீங்க.” பார்க்கிறேன் என்றேன். அண்ணன் வெளியே அழைத்துப்போய், “தம்பி, அவகிட்ட வேற ஏதாவது பேசுங்க, ஓய்வெடுக்கட்டும்” என்றார். நான் வேறு என்ன பேசுவேன்? எங்களுக்குள் வேறு பேச்சே கிடையாது.

வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்தது. சனிக்கிழமை காலை பொறியாளர் என்னை அழைத்தார். இதழின் இணையப் பக்கம் திறக்கவில்லை, கொஞ்சம் பாருங்கள் என்றார். நான் பார்த்தேன், எனக்கும் திறக்கவில்லை. திங்கட்கிழமை கணினிப் பிரிவுக்குப் போனேன். அந்த அலுவலர் கெட்டவர் இல்லை, அவரும் இங்கே எங்கோ உட்கார்ந்திருக்கிறார். பணியாளர் இறந்தால் இரண்டு வேலை நாளில் அவர் கணக்கை மூட வேண்டும் என்று விதி. மூடிவிட்டார். இதழ் அந்தக் கணக்கில்தானே இருந்தது! மறுபடி திறங்கள் என்றேன்.

“கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்க கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் வேணும் சார்.”

“அவங்கதான் இறந்துட்டாங்களே.”

“அதனாலதான் சார் மூடினோம்.”

சரி, உள்ளே இருப்பதையாவது எடுத்துக் கொடுங்கள் என்றேன். மூடிய கணக்கு அன்றிரவே தானாக அழிந்துவிடும், தனிநபர் கணக்குகளுக்குக் காப்புப் படி எடுப்பதில்லை என்றார். சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. பத்தொன்பது வருடம். எழுநூற்று நாற்பத்திரண்டு கட்டுரைகள். அம்மாவை அடக்கம் செய்த அதே வாரத்தில், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், விதிப்படி, முறைப்படி அவருடைய வேலையையும் புதைத்துவிட்டோம். அறையிலிருந்த கணினியைத் திறந்து பார்த்தேன். வரப்போகும் இதழின் ஒன்பது கட்டுரைகள் மட்டும் இருந்தன.

இன்றைக்குக் காலையில் எங்கள் கையில் கொடுத்த இரங்கல் தீர்மானத்தில், அன்னாரின் இதழ் என்றும் வாழும் என்று அச்சிட்டிருக்கிறீர்களே, அச்சிடும் முன் யாராவது ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தீர்களா?

நான் அந்தத் திங்கட்கிழமை செய்தது ஒரே வேலை. என்னிடமிருந்த முகவரிகளுக்கு எல்லாம் மூன்று வரி எழுதினேன். அம்மா இறந்துவிட்டார், இதழ் அழிந்துவிட்டது, உங்களிடம் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள். நம்பிக்கையில்லாமல்தான் எழுதினேன்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் நூற்று எண்பது பதில். பொறியாளர் ஐம்பது இதழ்களை ஒரு வட்டில் வைத்திருந்தார். ஒரு பள்ளி வேதியியல் ஆசிரியை அச்செடுத்து, துளையிட்டு, கோப்புக் கோப்பாக அடுக்கியிருந்தார், கோப்பு முதுகில் எண்கூடப் போட்டு. நாம் பெயரே கேட்டிராத ஒரு நாட்டின் நூலகம் எட்டு வருட இதழ்களை முழுமையாக இறக்கி வைத்திருந்தது. அம்மாவிடம் அனுமதி கேட்டார்களா? கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை என்றுதானே எழுதியிருந்தார்! ஒவ்வொருவரும் தனக்கு வேண்டியதை எடுத்து வைத்தார்கள், பக்கத்திலிருப்பவருக்குக் கொடுத்தார்கள். கொடுத்ததெல்லாம் இருந்தது. நாம் பத்திரமாக ஒரே இடத்தில் வைத்திருந்தது மட்டும்தான் போனது.

யோசித்துப் பாருங்கள். பூட்டிய இதழ் ஒன்று இப்படி அழிந்திருந்தால் என்ன ஆகும்? அதன் படி ஒன்றை யாராவது வைத்திருந்தால் அவர் திருடர். திருடர் என்று பெயர் வாங்கப் பயந்து வாயைத் திறக்க மாட்டார்கள். திறந்த அணுக்கத்தின் எதிர்காலம் என்ன, எதிர்காலம் என்ன என்று மூன்று நாள் கருத்தரங்கு நடத்தினோமே! எதிர்காலம் என்ன என்று அந்தப் பள்ளி ஆசிரியையின் கோப்பு சொல்லிவிட்டதே!

நேற்று மாலை வரை எழுநூற்று நாற்பது கிடைத்துவிட்டன. இரண்டு மட்டும் கிடைக்கவில்லை. ஒன்று இதழின் மூன்றாம் வருடத்துக் கட்டுரை, எழுதியவர் காலமாகிவிட்டார். மற்றொன்று என்னுடையது. நாற்பத்தொரு திருத்தம் வாங்கிய அதே கட்டுரை. உலகத்தில் ஒரு மனிதரும் அதைப் படியெடுத்து வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அண்ணனிடம் இதைச் சொன்னேன். “எனக்கு அது புரிஞ்சுது தம்பி” என்றார். அது போதும் எனக்கு.

இனி என்ன? உறுதிமொழி எடுப்பது இந்த மாதிரிக் கூட்டங்களின் வழக்கம். நானும் எடுக்கிறேன்.

எழுபத்தேழாவது இதழ் முதல் தேதி வரும். மூன்றாவது அட்டவணையை நேற்றுத் திருத்திவிட்டேன். அம்மா சொன்னது சரி, இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன. என்னைவிடத் தகுதியான ஒருவர் வரும்வரை அந்த நாற்காலியில் நான் உட்காருவேன். வாசிக்கிறவரிடம் காசு கேட்க மாட்டேன், எழுதுகிறவரிடமும் கேட்க மாட்டேன். என் கணிப்பு முறைக் கட்டுரை பூட்டிக் கிடக்கிறதல்லவா, அந்த முறையை எல்லோருக்கும் புரிகிற நடையில் புதிதாக எழுதி இந்த இதழிலேயே வெளியிடுவேன், மதிப்பெண் பூஜ்யமானாலும். மதிப்பீட்டுக்கு ஆள் வேண்டும். அறிவுக் கடல் என்று பேசிய நால்வரின் பெயரையும் நான் குறித்து வைத்திருக்கிறேன். நாளை உங்கள் நால்வருக்கும் ஆளுக்கொரு கட்டுரை வரும். மூன்று வாரம் அவகாசம்.

கிடைத்த எழுநூற்று நாற்பதையும் நேற்று இரவு மறுபடி ஏற்றிவிட்டேன். இப்போது திறந்து பார்க்கலாம், வேலை செய்கிறது. எங்கே ஏற்றினேன் என்று கேட்கிறீர்களா? வேறு இடம் தராததால் என் சொந்தப் பணியாளர் கணக்கில். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. ஓய்வு பெற்றாலும் இரண்டு வேலை நாளில் மூட வேண்டும் என்பதுதான் விதி, படித்துப் பார்த்துவிட்டேன். அதற்கு முன்னால் செத்துப்போனால் இன்னும் சீக்கிரம்.

துணைவேந்தர் அவர்களே, எனக்கு அடுத்து நீங்கள் பேசப் போகிறீர்கள். இந்த அரங்கத்துக்கு அவர் பெயரை வைக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். நல்ல எண்ணம். ஆனால் அரங்கத்துக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. இதழுக்குத்தான் இடம் இல்லை. நீங்கள் எழுந்ததும் அவரைப் புகழ வேண்டாம். இதழுக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரில் கணக்குத் திறக்கும் தேதியைச் சொல்லுங்கள். பரிசீலிக்கிறோம் என்று சொல்லாதீர்கள் ஐயா, அந்தச் சொல்லை அண்ணன் காதில் இன்னொருமுறை போடாதீர்கள். ஒரு தேதி, ஒரு மாதம். அது போதும். இந்த மாதிரிக் கூட்டத்தில் யாரும் கைதட்டுவதில்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் தேதியைச் சொன்னால் நான் தட்டுவேன்.

நான் உட்கார்ந்துகொள்கிறேன். சொல்லுங்கள்.